ஏறி நிற்கும் தற்காப்பு வரிசை: பலத்தையும் பலவீனத்தையும் பிரித்தறிவது

2024 அக்டோபர் 26 அன்று மாட்ரிட்டின் சான்டியாகோ பெர்னபேயு மைதானத்தில் ரியல் மாட்ரிட் அணி 12 முறை ஆஃப்சைடில் மாட்டியது. அதில் 8 முறை மாட்டியவர் கிலியான் எம்பாப்பே. வலைக்குள் அவர் அடித்த இரண்டு பந்துகள் செல்லாமல் போயின. ஹான்சி ஃபிளிக்கின் பார்சிலோனா 4-0 என்று வென்றது. அதே பருவத்தில், 2025 மே 6 அன்று, அதே பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலானிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 6-7 என்று தோற்று வெளியேறியது.

பயிற்சியாளரும் உத்தியும் மாறவில்லை. முதல் ஆட்டத்துக்குப் பிறகு பார்சிலோனாவின் ஏறி நிற்கும் தற்காப்பு வரிசையைத் துணிச்சல் என்றார்கள். இரண்டாவதற்குப் பிறகு தற்கொலை என்றார்கள். முடிவைப் பார்த்துவிட்டு உத்திக்குப் பெயர் வைப்பவர்கள் இப்படித்தான் அலைபாய்வார்கள். ஓர் உத்தி எந்த நிபந்தனையில் வேலை செய்கிறது, எந்த நிபந்தனை உடைந்தால் அது சரிகிறது என்று பார்க்கப் பழகியவருக்கு இந்த இரண்டு ஆட்டங்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்லும். அந்தப் பழக்கத்தை இந்த அத்தியாயத்தில், ஒரே ஓர் உத்தியை எடுத்துக்கொண்டு, கடைசிவரை பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்வோம்.

உத்தி என்ன செய்ய முயல்கிறது?

எந்த உத்தியை ஆராய்ந்தாலும் முதலில் அது எதை வாங்குகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்று எழுதுங்கள். பெரிய மைதானத்தின் நீளம் 105 மீட்டர். தற்காப்பு வீரர்கள் நால்வரும் தங்கள் கோலிலிருந்து 20 மீட்டரில் நின்றால், எதிரணிக்கு அவர்களுக்கு முன்னால் விளையாட 85 மீட்டர் கிடைக்கும். நால்வரும் 45 மீட்டர் வரை ஏறி நின்றால் அது 60 மீட்டராகச் சுருங்கும். இன்னொரு முனையில் முன்கள வீரர்கள் பந்தை நெருக்கினால், உண்மையில் ஆடக் கிடைக்கும் பட்டை 25, 30 மீட்டர்தான். அந்தக் குறுகிய பட்டைக்குள் இரு அணியின் 20 பேரும் அடைந்து கிடப்பார்கள். பந்தைக் காலில் வாங்கித் திரும்புவதற்குள் இன்னொருவர் வந்து நிற்பார். வாங்கியது இதுதான்: எதிரணியின் நேரமும் இடமும்.

விலை, முதுகுக்குப் பின்னால் கிடக்கும் 45 மீட்டர் காலி நிலம். வேகமான முன்கள வீரர் ஒருவர் அதை ஐந்தாறு நொடியில் கடந்துவிடுவார். அந்த நிலத்துக்கு இருக்கும் ஒரே காவல் ஆஃப்சைடு விதி. பந்து தட்டப்படும் கணத்தில், கடைசி இரண்டாவது தற்காப்பு வீரரையும் பந்தையும் தாண்டி எதிர்ப்பாதியில் நிற்பவர் அந்தப் பந்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. இதில் மூன்று ஓட்டைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சமமாக நின்றால் குற்றமில்லை. தன் சொந்தப் பாதியில் நிற்பவர் ஆஃப்சைடு ஆகமாட்டார். கோல் கிக், த்ரோ-இன், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு விதியே கிடையாது. த்ரோ-இன்னில் வரிசை ஏறி நின்று ஏமாறுவதைப் பள்ளி ஆட்டங்களில் இன்றும் பார்க்கலாம்.

விதி மாறினால் உத்தியின் மதிப்பும் மாறும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. 1925-க்கு முன் தாக்குபவருக்கு முன்னால் மூன்று எதிரணி வீரர்கள் இருக்க வேண்டும். அவ்வாண்டு அது இரண்டாகக் குறைந்தது. இங்கிலாந்து ஃபுட்பால் லீக்கில் முந்தைய பருவத்தில் 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 6,373 ஆயின. 1990-இல் சமமாக நிற்பதும் அனுமதிக்கப்பட்டது. இன்று வீடியோ நடுவரும், உடல் உறுப்புகளின் நிலையைக் கணினியில் அளக்கும் முறையும் வந்துவிட்டன. தோளளவு வித்தியாசமும் பிடிபடுகிறது. 2024-25 பருவத்தில் ஸ்பெயினின் லா லிகாவிலும் அந்த முறை வந்தது. ஃபிளிக்கின் துணிச்சலுக்கு அது பெரிய துணை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு கொடியைத் தூக்குபவரின் கண்ணை நம்ப வேண்டியிருந்த இடத்தில் இப்போது அளவை நம்பலாம்.

பந்து வைத்திருப்பவரின் தலை

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஏறி நிற்கும் வரிசையின் பலமும் பலவீனமும் அந்த நான்கு தற்காப்பு வீரர்களிடம் இல்லை. அவர்களிடமிருந்து 20, 30 மீட்டர் தள்ளி, பந்தை வைத்திருக்கும் எதிரணி வீரரிடம் இருக்கிறது. அவர் தலை குனிந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா?

ஒருவர் பின்னாலிருந்து நெருக்க, இன்னொருவர் பக்கவாட்டில் வழியை அடைக்க, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருப்பவரால் 40 மீட்டர் பாஸை அளந்து போட முடியாது. அவர் போட்டாலும் அது எப்போது புறப்படும் என்று அவருடைய ஸ்ட்ரைக்கருக்கே தெரியாது. ஸ்ட்ரைக்கர் ஒரு கணம் முந்தி ஓடிவிடுவார், ஆஃப்சைடு. எம்பாப்பே 8 முறை மாட்டியதற்கு அவருடைய அவசரம் மட்டும் காரணமல்ல. அவருக்குப் பந்து போட வேண்டியவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காத பல தருணங்கள் அன்று இருந்தன. ஓட்டமும் பாஸும் ஒத்துப்போகவில்லை.

அதே வீரருக்கு இரண்டு நொடி இடம் கிடைத்து அவர் நிமிர்ந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ஓடுபவரை அவர் பார்ப்பார், ஓடுபவரும் அவரைப் பார்ப்பார், கண்ணாலேயே நேரம் குறித்துக்கொள்வார்கள். அந்த நிலையில் தற்காப்பு வரிசை இன்னும் ஏறினால் அது தானே கோலைத் திறந்து வைப்பதற்குச் சமம். அப்போது செய்ய வேண்டியது பின்னால் திரும்பி ஓடுவது மட்டுமே.

1980-களின் கடைசியில் அர்ரிகோ சாக்கியின் மிலான் அணி இதை முழுமையாகச் செய்து காட்டியது. முன்கள வீரருக்கும் கடைசித் தற்காப்பு வீரருக்கும் நடுவே 25 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சாக்கியின் கணக்கு. ஃப்ராங்கோ பரேசி தலைமையில் நால்வரும் தேர் வடம் பிடித்தவர்கள்போல ஒரே குரலுக்கு ஒன்றாக அடியெடுத்து வைத்தார்கள். 1989 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டை 5-0, மே மாதம் இறுதியாட்டத்தில் ஸ்டீயுவா புக்கரெஸ்ட்டை 4-0. அந்த ஆட்டங்களின் பதிவைப் பார்க்கும்போது பரேசியின் உயர்ந்த கையை மட்டும் பார்க்காதீர்கள். அவர் கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் பந்து வைத்திருந்தவருக்கு எத்தனை அடி தொலைவில் மிலான் வீரர் நின்றார் என்று பாருங்கள்.

பலத்தை எங்கே அளப்பது?

ஆஃப்சைடு எண்ணிக்கை கண்ணைக் கவரும். ஆனால் அது விளைவின் ஒரு துண்டுதான். உண்மையான பலன் எதிரணி போடாமல் விட்ட பாஸ்களிலும், பார்சிலோனா எதிர்க்கோலுக்கு அருகிலேயே திரும்பப் பிடித்த பந்துகளிலும் இருக்கிறது. பந்தை எதிர்ப்பாதியில் பிடித்தால் கோலுக்கு இரண்டு மூன்று பாஸ் போதும். தாக்குதல் வீரர்கள் ஏற்கெனவே அங்கே நிற்கிறார்கள்.

2024-25 லா லிகாவில் பார்சிலோனா 102 கோல் போட்டது, 39 வாங்கியது. இரண்டாம் இடம் வந்த ரியல் மாட்ரிட் 78 போட்டு 38 வாங்கியது. மூன்றாம் இடம் வந்த அட்லெட்டிகோ மாட்ரிட், பின்தங்கிக் காக்கும் பேர்பெற்ற அணி, 30 மட்டுமே வாங்கியது. தற்காப்பை மட்டும் தனியாக எடைபோட்டால் ஃபிளிக்கின் உத்தி ஒன்றும் அதிசயமில்லை. 39 கோல் சாதாரண எண். தாக்குதலையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் நியாயம் விளங்கும். அந்தப் பருவத்தில் ரியல் மாட்ரிட்டுடன் ஆடிய நான்கு ஆட்டங்களையும் (4-0, 5-2, 3-2, 4-3) பார்சிலோனா வென்றது. 16 போட்டு 7 வாங்கியது. தற்காப்பு உத்தி ஒன்றை ஆராயும்போது வாங்கிய கோல்களை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு.

வரிசையை உடைக்கும் ஓட்டங்கள்

பலவீனத்தைத் தேடும்போது "பின்னால் இடம் இருக்கிறது" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்துக்கு யார், எங்கிருந்து, எப்படி வந்து சேர்கிறார் என்பதுதான் கேள்வி. வரிசையோடு தோளுரசி நிற்கும் ஸ்ட்ரைக்கர் நேராக ஓடுவது தற்காப்பு அணிக்கு மிகவும் பிடித்த ஓட்டம். அவரை எல்லோரும் பார்க்கிறார்கள். ஓரடி முன்னேறினால் அவர் அகப்பட்டார். அவர் ஒரு பக்கமும் வரிசை எதிர்ப்பக்கமும் நகர்வதால் அரை நொடிக்குள் இருவருக்கும் நடுவே மூன்று நான்கு மீட்டர் விழுந்துவிடும்.

ஆபத்தானவர் பின்னாலிருந்து வருபவர். ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடு நிலையிலேயே அசையாமல் நிற்கிறார், தற்காப்பு வீரர்களின் கண் அவர்மேல். அவர் பந்தில் தலையிடாதவரை குற்றமில்லை. அந்த நேரத்தில் ஒரு மிட்ஃபீல்டரோ விங்பேக்கோ பத்து மீட்டர் பின்னாலிருந்து முழு வேகத்தில் வரிசையைக் கடக்கிறார். வரிசை ஏறும் திசைக்கு எதிராக அவர் ஓடுகிறார். பந்து புறப்படும்போது அவர் சட்டப்படி பின்னால்தான் இருக்கிறார். அடுத்த கணம் அவரைப் பிடிக்க யாருமில்லை. இன்டர் மிலானின் டென்செல் டம்ஃப்ரீஸ் வலப்பக்கத்தில் இப்படித்தான் ஓடினார்.

மூன்றாம் ஆள் வழி இன்னொன்று. முன்னால் நிற்பவருக்கு ஒரு நேர் பாஸ். அவர் ஒரே தட்டலில் பின்னால் விடுகிறார். அங்கே முகத்தைக் கோல் பக்கம் திருப்பி நிற்பவர் உடனே நீளப் பந்து போடுகிறார். பந்து பின்னால் போகும்போது வரிசை ஏற வேண்டும் என்பது பாடம். ஆனால் அந்தப் பின்பாஸை வாங்குபவர் நெருக்கப்படாமல் இருந்தால் அந்த ஏற்றமே வலையாகிவிடும். மைதானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்காகப் போடும் நீளப் பந்தும் அப்படியே: தொலைவில் நிற்கும் ஃபுல்பேக்குக்குப் பந்தையும் தன் முதுகுக்குப் பின்னால் ஓடும் விங்கரையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. வரிசை கலைவது பெரும்பாலும் இந்தத் தொலைவுப் பக்கத்தில்தான். நால்வரில் மூவர் ஏற, ஒருவர் மட்டும் ஓரடி பின்தங்கினால் மூவரின் உழைப்பும் வீண்.

கோல்கீப்பரைச் சேர்த்து எண்ணுங்கள்

ஏறி நிற்கும் வரிசையில் ஐந்தாவது தற்காப்பு வீரர் கோல்கீப்பர். 2014 உலகக் கோப்பையில், ஜூன் 30 அன்று போர்டோ அலெக்ரேயில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனி ஆடிய ஆட்டத்தை இதற்காகவே ஒருமுறை முழுதாகப் பாருங்கள். நடுவில் பேர் மெர்ட்டசாக்கர், நல்ல உயரம், வேகம் குறைவு. அல்ஜீரியா அவருக்குப் பின்னால் பந்தை விட்டுக்கொண்டே இருந்தது. ஜெர்மனியின் கோல்கீப்பர் மனுவேல் நொயர் மீண்டும் மீண்டும் பாக்ஸை விட்டு வெளியே ஓடிவந்து, சறுக்கியும் தலையால் முட்டியும், பந்தை வெளியேற்றினார். கூடுதல் நேரத்தில் ஜெர்மனி 2-1 என்று தப்பியது. அந்த அளவு வெளியே வரத் தெரியாத கோல்கீப்பர் நின்றிருந்தால் ஜெர்மனி அன்றே ஊர் திரும்பியிருக்கும் என்பது என் கணிப்பு.

இதன் மறுபக்கம் பார்சிலோனாவிலேயே உண்டு. 2024 செப்டம்பரில் கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் காயமடைந்த பிறகு, ஓய்வு பெற்றிருந்த வோய்செக் ஷ்செஸ்னியை அழைத்து வந்தார்கள். 2025 ஜனவரி 12 அன்று ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக, பின்னால் ஓடிவந்த எம்பாப்பேயை வீழ்த்திச் சிவப்பு அட்டை வாங்கினார். ஒன்பது நாள் கழித்து லிஸ்பனில் பென்ஃபிக்காவுக்கு எதிராக, பாக்ஸுக்கு வெளியே வந்தபோது தன் அணியின் பால்டேயுடனேயே மோதினார்; பென்ஃபிக்காவின் பவ்லிதிஸ் காலி கோலில் பந்தைத் தள்ளினார். இரண்டு ஆட்டங்களையும் பார்சிலோனா வென்றது (இரண்டாவது 5-4). வென்றதால் இந்தத் தவறுகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. கோல்கீப்பர் எங்கிருந்து புறப்பட்டார், எப்போது தீர்மானித்தார், யாரிடம் குரல் கொடுத்தார் என்று குறியுங்கள். புறப்படும் இடம் ஐந்து மீட்டர் பின்னால் இருந்தால் அவர் வந்து சேரும்போது பந்தும் ஆளும் ஒன்றாக அங்கே இருப்பார்கள்.

ஏழு கோல்களின் கணக்கு

இப்போது இன்டர் ஆட்டங்களுக்கு வருவோம். "ஏறி நின்றதால் தோற்றார்கள்" என்ற தீர்ப்பை அப்படியே ஏற்காமல், வாங்கிய ஏழு கோல்களையும் ஒவ்வொன்றாகக் காரணத்தோடு எழுதிப் பாருங்கள்.

ஏப்ரல் 30, முதல் ஆட்டம், 3-3. தொடங்கி 30 நொடியில் வலப்பக்கத்திலிருந்து டம்ஃப்ரீஸ் தாழ்வாக அனுப்பிய பந்தை மார்கஸ் துராம் குதிகாலால் தட்டினார். அடுத்த இரண்டையும் டம்ஃப்ரீஸே போட்டார், இரண்டும் கார்னரிலிருந்து. கார்னரில் எல்லா அணியும் கோல்முன்தான் நிற்கும். வரிசை ஏறியிருந்ததா என்ற கேள்வியே அங்கு எழாது. உயரமான வீரர்கள் குறைந்த அணி என்பதுதான் அங்கே பலவீனம்.

மே 6, இரண்டாவது ஆட்டம், கூடுதல் நேரத்தில் 4-3. முதல் கோல்: பார்சிலோனா தன் பாதியிலேயே பந்தை இழந்தது, உடனே டம்ஃப்ரீஸுக்குப் பாஸ், அவர் தடையின்றி ஓடி லவுட்டாரோ மார்ட்டினெஸுக்குக் கொடுத்தார். இது அந்த உத்தியின் கணக்கில் நேராக வரும். இரண்டாவது, பார்சிலோனாவின் சென்டர் பேக் குபார்சி பாக்ஸுக்குள் லவுட்டாரோவை வீழ்த்தியதால் வந்த பெனால்டி. இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று வாதிடலாம், நான் மறுக்கமாட்டேன். மூன்றாவது 93-ஆவது நிமிடத்தில் அச்செர்பி போட்டது. அப்போது பார்சிலோனா 3-2 என்று முன்னிலையில், கோல்முன் குவிந்து நின்றிருந்தது. டம்ஃப்ரீஸ் வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை, ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு ஏறிவந்திருந்த சென்டர் பேக் அடித்தார். நான்காவது, 99-ஆவது நிமிடத்தில் ஃப்ராட்டேசி. அதுவும் வலப்பக்கத்தில் துராம் பிடித்த பந்திலிருந்து, பாக்ஸுக்குள் தற்காப்பு வீரர்கள் நிறைந்திருந்தபோது.

முதல் ஆட்டத்தில் மிகிதாரியன் போட்ட ஒரு கோல் கால்விரல் அளவு ஆஃப்சைடில் செல்லாமல் போனதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். வரிசை காப்பாற்றிய கோல் அது.

கூட்டிப் பாருங்கள். ஏழில் இரண்டு கார்னர். ஏறி நின்றதால் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. தாராளமாகக் கணக்கிட்டாலும் மூன்றுக்கு மேல் வராது. இன்டரின் வலப்பக்கம், அதாவது பார்சிலோனாவின் இடப்பக்கம், நான்கு கோல்களில் இருக்கிறது. காயத்தால் இடப்பக்க ஃபுல்பேக் பால்டே இரண்டு ஆட்டங்களிலும் இல்லை. அந்த இடத்தில் ஆடியவர் அனுபவம் குறைந்த ஜெரார்ட் மார்ட்டின். முதல் ஆட்டத்தின் பாதியில் வலப்பக்க ஃபுல்பேக் கூண்டேயும் காயத்தால் வெளியேறினார். என் முடிவு இது: அந்த அரையிறுதியில் ஃபிளிக்கை வீழ்த்தியது வரிசையின் உயரத்தைவிட, இடப்பக்க ஆள் பற்றாக்குறையும் கோல்முன் விழும் பந்துகளைக் காப்பதில் இருந்த குறையும்தான். கடைசி நேரத்தில் வரிசை கீழே இருந்தபோது வாங்கிய கோல்தான் அவர்களைக் கூடுதல் நேரத்துக்குத் தள்ளியது. உத்தியைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போடாவிட்டால், அடுத்த பருவத்துக்கான மருந்தைத் தவறான நோய்க்குக் கொடுப்பீர்கள்.

இங்கே பார்சிலோனாவின் சென்டர் பேக் இன்யிகோ மார்ட்டினெஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய பெயர்களுக்கு நடுவில் இவரைப் பலர் கவனிப்பதில்லை. முப்பது தாண்டியவர், வேகம் சாதாரணம். ஆனால் எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்ற குரல் அவருடையது. பதினெட்டு வயதுக் குபார்சி அவர் பக்கத்தில் நின்று ஆடினார். 2025 கோடையில் அவர் சவுதி அரேபியாவின் அல்-நாசருக்குப் போனார். அந்தக் குரல் போனபின் அக்டோபரில் செவில்லாவிடம் பார்சிலோனா 1-4 என்று தோற்றதைப் பார்க்கும்போது, ஓர் உத்தி வரைபலகையில் மட்டும் இருப்பதில்லை, ஓர் ஆளின் பழகிய கண்ணிலும் இருக்கிறது என்பது தெரியும்.

எதிராளி மாறினால்

2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். எர்வே ரெனார்ட் பயிற்றுவித்த சவுதி அரேபியா, 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா 7 முறை ஆஃப்சைடு. மூன்று கோல்கள் செல்லவில்லை. மொத்த ஆட்டத்தில் 10. மெஸ்ஸியின் பெனால்டி கோலால் பின்தங்கியிருந்த அணி 48, 53-ஆவது நிமிடங்களில் இரண்டு போட்டது. பிறகு முன்னிலையைக் காக்கக் கீழிறங்கி ஆடியது. அந்த இறக்கம்தான் அன்றைய திட்டத்தின் சிறந்த பகுதி என்று நினைக்கிறேன். கால் ஓய்ந்த அணி அதே உயரத்தில் நின்றிருந்தால் மெஸ்ஸி ஒரு வழி கண்டிருப்பார்.

நான்கு நாள் கழித்து அதே அணி போலந்திடம் 0-2 என்று தோற்றது. மெக்சிகோவிடம் 1-2. முதல் சுற்றிலேயே வெளியேறியது. போலந்து பந்தைச் சவுதியிடமே விட்டுக்கொடுத்துக் காத்திருந்தது. பொறிக்குள் வராத எதிராளிக்குப் பொறி வைத்துப் பயனில்லை. அப்போது சவுதி தானே ஆட்டத்தைக் கட்ட வேண்டியிருந்தது; லெவன்டோவ்ஸ்கியின் இரண்டாவது கோல், தற்காப்பில் தடுமாறிய பந்தை அவர் பறித்ததால் வந்தது. மெக்சிகோவின் கோல்களில் ஒன்று கார்னரிலிருந்து, மற்றது ஃப்ரீ கிக். ஆக, ஓர் உத்தியின் பலத்தை எழுதும்போது "யாருக்கு எதிராக" என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

நெருக்குதல் போனபின்னும் வரிசை அப்படியே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2023 நவம்பர் 6 அன்று டோட்டன்ஹாம்–செல்சி ஆட்டம் சான்று. இரண்டு சிவப்பு அட்டைக்குப் பின் ஒன்பது பேருடன் ஆங்கே போஸ்டெகோக்லுவின் அணி நடுக்கோட்டருகிலேயே நின்றது. ஒன்பது பேரால் பந்து வைத்திருப்பவரை நெருக்க முடியாது. செல்சி வீரர்கள் நிமிர்ந்து, நின்று, பார்த்துப் பந்து போட்டார்கள். கோல்கீப்பர் விகாரியோ வெளியே ஓடி ஓடி 75-ஆவது நிமிடம்வரை தாங்கினார். நிக்கோலஸ் ஜாக்சன் மூன்று போட, 4-1. அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அது பிழைத்த நேரம் செல்சியின் ஓட்டங்களில் இருந்த அவசரத்தால் கிடைத்தது, உத்தியால் கிடைத்ததல்ல.

நீங்கள் குறிப்பெடுக்கும் முறை

ஓர் ஆட்டத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாவது முறை, பந்து எதிரணியிடம் போகும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: பந்து எங்கே இழக்கப்பட்டது, வைத்திருப்பவர் நெருக்கப்பட்டாரா நிமிர்ந்தாரா, ஓடியவர் எங்கிருந்து புறப்பட்டார், கோல்கீப்பர் எங்கே நின்றார். முடிவு கோலா இல்லையா என்பதைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் மற்ற நான்கையும் அது வளைத்துவிடும்.

நேரில் மைதானத்தில் பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. தொலைக்காட்சி பந்தைத்தான் காட்டும். வரிசை பெரும்பாலும் திரைக்கு வெளியே. கேலரியில் நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரத்தில் உட்காருங்கள். முதல் கால்மணி நேரம் பந்தைப் பார்க்காமல் நான்கு தற்காப்பு வீரர்களை மட்டும் பாருங்கள். யார் குரல் கொடுக்கிறார், யார் தாமதிக்கிறார் என்று தெரிந்துவிடும். 60-ஆவது நிமிடத்துக்குப் பிறகு மறுபடியும் அதையே செய்யுங்கள். முன்கள வீரர்களின் நெருக்குதல் முதலில் ஓயும். வரிசை அதை உணராமல் அதே இடத்தில் நிற்கும். பல கோல்கள் பிறப்பது அந்த இடைவெளியில்.

ஒரு கோல் விழுந்தால் கடைசியில் தோற்ற தற்காப்பு வீரரிலிருந்து தொடங்காதீர்கள். பத்து நொடி பின்னால் போங்கள். நெருக்க வேண்டியவர் ஏன் நெருக்கவில்லை என்பதில் பெரும்பாலும் விடை இருக்கும்.

உங்கள் அணிக்கு இது சரிவருமா?

பள்ளி அணியோ ஊர்க் குழுவோ நடத்துபவர்கள் மனதில் இந்தக் கேள்வி இருக்கும். நேராகச் சொல்கிறேன்: முழு உயரத்தில் ஆஃப்சைடு பொறி வைப்பது நம் ஊர் மைதானங்களில் பெரும்பாலும் நட்டம். கோட்டருகே கொடி பிடிப்பவர் பயிற்சி பெற்றவராக இல்லாத ஆட்டங்கள் நிறைய. வீடியோ நடுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேடுபள்ளமான தரையில் பந்து எகிறிக் குதித்தால் பின்னால் ஓடும் சென்டர் பேக் ஏமாறுவார். வெயிலில் 90 நிமிடமும் நெருக்கும் முன்கள வீரர்கள் கிடைப்பதும் அரிது.

ஆனால் பொறி வேறு, சுருக்கம் வேறு. எதிரணி பந்தைப் பின்னால் தட்டும்போது நால்வரும் ஒன்றாக எட்டுப் பத்து மீட்டர் ஏறி இடத்தைச் சுருக்குவது எந்த அணியாலும் முடியும். ஆஃப்சைடு கிடைத்தால் கூடுதல் லாபம். அதை நம்பிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. கொடி வராவிட்டாலும் ஓடிப்பிடிக்கும் தூரத்தில் இருங்கள். நடுக்கோட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் நிற்பது போதும்.

பயிற்சிக்கு அரை மைதானம் போதும். நான்கு தற்காப்பு வீரர்கள், ஒரு கோல்கீப்பர், எதிரில் ஆறு பேர். ஆறு பேரில் ஒருவருக்குப் பந்தைக் கொடுத்து, சில முறை அவரை நெருக்க ஒருவரை அனுப்புங்கள், சில முறை அனுப்பாமல் விடுங்கள். நெருக்கப்பட்டால் நால்வரும் ஏற வேண்டும். விடப்பட்டால் உடலைப் பக்கவாட்டில் திருப்பி இறங்க வேண்டும். குரல் ஒருவருடையதாக மட்டும் இருக்கட்டும், அவர் மிக வேகமானவராக இருக்கத் தேவையில்லை, தவறாமல் பார்ப்பவராக இருக்க வேண்டும். முதல் வாரத்தில் பந்தை வலைக்குள் அடிக்கவே விடாதீர்கள். ஏறுவதும் இறங்குவதும் மட்டும். அடுத்த வாரம் பின்னாலிருந்து ஓடிவரும் மிட்ஃபீல்டரைச் சேருங்கள். அவரைப் பின்தொடர்வது யார் பொறுப்பு என்று நால்வரும் உரக்கச் சொல்லிப் பழகும்வரை ஆட்டத்தில் இதை முயல வேண்டாம். கோல்கீப்பரைப் பயிற்சி முழுவதும் பாக்ஸின் விளிம்பில் நிற்க வையுங்கள். முதலில் கூச்சப்படுவார், தலைக்கு மேல் ஒன்றிரண்டு பந்து போகும், அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.